சட்டை போட்ட கிருமி

என் தாயாருக்கும் கணக்குக்கும் வெகுதூரம். மளிகைக் கணக்கு, பால் கணக்கு எல்லாம் தகப்பனார் பொறுப்பு. ஆனால் வீட்டில் யாருக்காவது ஜுரம் என்று வந்துவிட்டால் மட்டும் அவள் விரலை மடக்க ஆரம்பித்துவிடுவாள். "இன்றோடு மூன்று", "இன்றோடு நாலு" என்று எண்ணிக்கொண்டே வருவாள். டாக்டர் மாத்திரை கொடுத்து, மறுநாளே நாங்கள் எழுந்து தெருவில் பம்பரம் விடப் போய்விட்டாலும் அவள் கணக்கு நிற்காது. ஒன்பது ஆன பிறகுதான் மடக்கிய விரல்களைப் பிரிப்பாள்.

இந்த ஒன்பதின் கதை எனக்குப் பத்து வயதில் தெரிந்தது. 1936-ம் வருஷம் மார்கழி மாதம். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளுடைய அண்ணா, அதாவது நான் பார்த்தே இராத பெரிய மாமா, காலேஜ் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். பத்தொன்பது வயது. காவேரியில் விடியற்காலையில் குளித்துவிட்டு வந்தவர் மத்தியானம் நடுங்கினார். சாயங்காலம் விலாவில் கத்தியால் குத்துவதுபோல் வலி. மறுநாள் இருமலில் வந்த சளி துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இருந்தது. மாயவரத்திலிருந்து டாக்டர் மாட்டு வண்டியில் வந்து பார்த்தார். "நியுமோனியா. ஒன்பதாம் நாள் வரையில் தாக்குப் பிடிக்க வேண்டும். அன்று வேர்த்துக் கொட்டி ஜுரம் விட்டால் பையன் பிழைத்தான்" என்றார். மார்பில் ஆண்டிபிளாஜிஸ்டின் களிம்பைச் சுடச்சுடப் பூசிக் கட்டினார்கள். அதைத் தவிர அந்த நல்ல மனிதரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தினமும் வந்தார், நாடியைப் பார்த்தார், கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா விரலை மடக்கினாள். எட்டாம் நாள் இரவு மாமா போய்விட்டார்.

"ஒன்பதாம் நாள் கணக்கு" என்பதை நான் வெகு காலம் வரை நவக்கிரகங்களோடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர்களும் ஊரோடு ஒத்துப்போக இப்படி ஒரு எண்ணைச் சொல்லி வைப்பார்கள் போலும் என்று நினைத்தேன். ஒரு நாவலுக்காக வைத்திய சரித்திரம் கொஞ்சம் படிக்க நேர்ந்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. நாவல் பாதியில் நின்றுவிட்டது. படிப்பு மட்டும் நிற்கவில்லை.

நியுமோனியாக் கிருமி உலகத்துக்கு அறிமுகமான விதமே விசித்திரமானது. அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க் என்ற ராணுவ டாக்டர் தம்முடைய சொந்த எச்சிலை எடுத்து ஒரு முயலுக்கு ஊசி போட்டார். அவருக்கோ ஒரு நோயும் இல்லை, திடகாத்திரமாக இருந்தார். முயல் செத்துப்போயிற்று. அதே சமயத்தில் பிரான்சில் பாஸ்டர், வெறிநாய்க் கடியால் இறந்த ஒரு குழந்தையின் எச்சிலை முயலுக்குச் செலுத்தினார். அதுவும் செத்தது. இரண்டு முயல்களின் ரத்தத்திலும் இரட்டை இரட்டையாக ஒட்டிக்கொண்டிருந்த அதே கிருமி. ஒருவரை ஒருவர் அறியாமல் இருவரும் 1881-ல் அதை வெளியிட்டார்கள்.

நியுமோனியாவைத் தேடிப் போனவர்கள் அல்ல இருவரும். ஆரோக்கியமான மனிதனின் வாயில் சாதுவாகக் குடியிருக்கும் ஒரு கிருமி, இடம் மாறினால் கொலைகாரனாகிறது என்பதுதான் அவர்கள் கண்ட அதிசயம். இன்றைக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளில் எத்தனையோ பேருடைய மூக்கினுள் இது ஒண்டுக் குடித்தனக்காரனைப்போல் சத்தமில்லாமல் வசித்துவிட்டுப் போகிறது. நம்முடைய உடம்புதான் அதற்கு ஊர். மனிதனை விட்டால் அதற்கு வேறு நிரந்தரமான இருப்பிடம் கிடையாது. குடியிருக்கும் வீட்டை எரிப்பதில் குடித்தனக்காரனுக்கு என்ன லாபம்? ஆனாலும் சில சமயம் அது சுவாசப்பையில் இறங்கிவிடுகிறது.

இறங்கினால் அங்கே காவல் இல்லையா என்றால், இருக்கிறது. ருஷ்யாக்காரரான மெச்னிகாஃப் 1882-ல் சிசிலித் தீவில் மெஸ்ஸினா கடற்கரையில், நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்து மறுநாள் பார்த்தார். முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் திரண்டு மொய்த்திருந்தன. நம் ரத்தத்திலும் இப்படிப்பட்ட 'தின்னி' அணுக்கள் உண்டு. அன்னியக் கிருமியைக் கண்டால் அப்படியே வளைத்து விழுங்கிவிடும். லண்டனில் ஆம்ரோத் ரைட் என்ற டாக்டர் இன்னொன்று கண்டார். வெறும் கிருமியை இந்த அணுக்கள் அவ்வளவு ஆவலாகத் தின்பதில்லை. ரத்தத்தில் உள்ள ஒரு பொருள் கிருமியின்மேல் தடவப்பட்டால்தான் ருசியாகச் சாப்பிடுகின்றன. அந்தப் பொருளுக்கு அவர் கிரேக்க மொழியிலிருந்து எடுத்து 'ஆப்ஸனின்' என்று பெயர் வைத்தார். கிரேக்கர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்துக்கு அந்த மாதிரிச் சொல்லை வழங்கினார்களாம். நம் பாஷையில் சொன்னால், சட்னி இல்லாமல் இட்லி இறங்காது என்பதுதான் விஷயம். பெர்னார்ட் ஷா இந்த ரைட்டையே பாத்திரமாக்கி 1906-ல் ஒரு நாடகம் எழுதினார். ஷாவின் நாடகத்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்த எனக்கு அதில் உள்ள வைத்தியம் பொய்யோ என்று சந்தேகம். வேடிக்கை பொய்யாக இருக்கலாம், வைத்தியம் மெய்.

ஆனால் நியுமோனியாக் கிருமிக்கு முன்னால் இந்தத் தின்னிகள் திணறின. காரணம், அது சட்டை போட்டுக்கொண்டிருந்தது.

கிருமிக்குச் சட்டையா என்று வாசகர்கள் சிரிக்க வேண்டாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு ஜோடிக் கிருமியையும் சுற்றிப் பளபளவென்று ஓர் உறை தெரியும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால் பனித்துளிபோல் வழவழப்பான புள்ளிகளாக வளரும். எண்ணெய் பூசிக்கொண்டு வந்த திருடனைப் பிடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் பயன் உடனே புரியும். நம் ரத்தம் தன்னுடைய 'சட்னி'யைக் கிருமியின் தோலில் தடவத்தான் செய்கிறது. ஆனால் அது உறைக்கு அடியில் போய்விடுவதால் தின்னி அணுவின் கைக்கு எட்டுவதில்லை. உறையின்மேலேயே ஒட்டக்கூடிய ஓர் எதிர்ப்பொருளை உடம்பு புதிதாகத் தயார் செய்தாக வேண்டும். அந்தச் சட்டையை முன்பின் பார்த்திராத உடம்பு, அளவெடுத்து, தைத்து, போதுமான அளவு உண்டாக்கி ரத்தத்தில் விடுவதற்கு ஒரு வாரம், சற்று மேலும் ஆகலாம்.

ஒன்பதாம் நாள் என்பது இதுதான்.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் கிருமிகளைவிட மிஞ்சிவிட்டால், அதுவரையில் பட்டினி கிடந்த தின்னி அணுக்கள் ஒரேயடியாய் விருந்து சாப்பிடும். சில மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி ஜுரம் இறங்கிவிடும். பிராணவாயு கிடைக்காமல் திணறிக்கொண்டிருந்தவன் தூங்கிப்போவான். விழித்ததும் கஞ்சி கேட்பான். மாமாவின் உடம்பு அந்தச் சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த சமயத்தில் மூச்சு நின்றுவிட்டது. மாட்டு வண்டியில் வந்த டாக்டர் கிரகத்தை எண்ணவில்லை, உடம்பின் வேகத்தை எண்ணினார்.

சரி, அந்த எதிர்ப்பொருளை வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் என்ன? இந்த யோசனை பழையதுதான். 1891-ல் ஜெர்மனியில் கிளெம்பெரர் சகோதரர்கள், கிருமிக்குப் பழக்கப்பட்ட பிராணியின் ரத்தத் தெளிவை எடுத்து மற்றொரு பிராணிக்குக் கொடுத்தால் அது பிழைப்பதைக் கண்டார்கள். ஆனால் எல்லாச் சமயமும் பலிக்கவில்லை. ஏன் என்பது 1910-ல் நாய்ஃபெல்ட் என்பவர் தெளிவாக்கிய பிறகு விளங்கிற்று. நியுமோனியாக் கிருமி ஒன்றல்ல, பல வகை. ஒன்றாம் வகைக்குத் தயாரான எதிர்ப்பொருள் இரண்டாம் வகையிடம் செல்லாது. எல்லாம் ஒரே குலம், ஒரே முகம், ஆனால் சட்டைத் துணி வேறு வேறு. அன்று இரண்டு மூன்று வகை தெரிந்தது. இன்று நூறுக்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். தையற்கடையில்கூட அத்தனை தினுசு இருக்காது.

இங்கேதான் என் மனத்தைக் கவர்ந்த மனிதர் வருகிறார். ஆஸ்வால்ட் ஏவரி. கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1877-ல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, சிறுவயதில் நியூயார்க்குக்கு வந்தவர். மெலிந்த சிறிய உருவம், பெரிய தலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1913-ல் நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆஸ்பத்திரிக்கு நியுமோனியாவை ஆராய வந்தார். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரே கிருமியோடு குடித்தனம் நடத்தினார். சிலர் சங்கீதத்தில் ஒரே ராகத்தை வாழ்நாள் முழுவதும் ஆலாபனை செய்வார்களே, அப்படி. 1918-ல் விஷஜுரம் உலகத்தையே வாரிக்கொண்டு போனபோது, இறந்தவர்களில் மிகப் பலரைக் கடைசியில் கொன்றது பின்னால் வந்த நியுமோனியாதான். ஆகவே அந்த ஆஸ்பத்திரியின் வேலை வெறும் ஆராய்ச்சி விளையாட்டல்ல. குதிரைகளுக்குக் கிருமியைச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து ஸீரம் இறக்கி, நோயாளிக்கு எந்த வகைக் கிருமி என்று கண்டுபிடித்து, அதற்குரிய ஸீரத்தைச் செலுத்தினார்கள். ஒன்றாம் வகையில் நன்றாகவே பலன் இருந்தது. மிகத் தடித்த சட்டை போட்ட மூன்றாம் வகையிடம் மட்டும் ஒன்றும் பலிக்கவில்லை. எங்கள் கிராமத்துக்கு எந்த ஸீரமும் எட்டவில்லை என்பது வேறு விஷயம்.

ஏவரியும் டோஷே என்ற நண்பரும் 1917-ல் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். கிருமி தன் சட்டைத் துணியைக் கரைத்துச் சுற்றிலும் விட்டுக்கொண்டே இருக்கிறது. நோயாளியின் ரத்தத்தில், மூத்திரத்தில்கூட அது அகப்படுகிறது. உடம்பு அரும்பாடுபட்டுத் தயாரித்த எதிர்ப்பொருள் அந்த வெறுந்துணியைப் பிடித்துக்கொண்டு திண்டாடும், திருடன் தப்பிவிடுவான். மேல்துண்டைப் பிடித்தவன் கையில் துண்டு மட்டும் மிஞ்சுவதுபோல. அந்தத் துணியைக் கொஞ்சம் ஒரு சின்னக் குப்பியில் அடைத்து வைத்துக்கொண்டு, இது என்ன பொருள் என்று கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று ஹைடல்பெர்கர் என்ற ரசாயன நிபுணரை ஏவரி பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தாராம். கடைசியில் அவர் ஒப்புக்கொண்டு 1923-ல் விடை சொன்னார். சர்க்கரை! நாம் காப்பியில் போடுவது அல்ல. பல சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்த ஒரு பொருள். எதிர்ப்பொருள் உண்டாக்குவது புரதம் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் இதை ஜீரணித்துக்கொள்ளப் பலருக்குப் பல வருஷம் பிடித்தது.

அந்தச் சட்டையைக் கிழிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. பிரான்சிலிருந்து வந்த டூபோ என்ற இளைஞர் 1927-ல் ஏவரியிடம் சேர்ந்தார். மண்ணைப் படித்தவர். அவர் போட்ட கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்தச் சர்க்கரையைத் தின்னக்கூடிய உயிர் எதுவும் இல்லையென்றால் இதற்குள் பூமி முழுவதும் அது மலைமலையாகக் குவிந்திருக்க வேண்டும். குவியவில்லை. ஆகவே தின்கிற ஏதோ ஒன்று மண்ணில் இருந்தே தீரவேண்டும். தேடினார். நியூஜெர்சியில் க்ரான்பெர்ரி என்ற புளிப்புப் பழம் விளையும் சதுப்பு நிலத்து மண்ணில் அது அகப்பட்டது. ஒரு சாதாரண மண் கிருமி. அதிலிருந்து பிரித்த சத்தை மூன்றாம் வகைக் கிருமி ஏறிய சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். சட்டை கரைந்தது. தின்னி அணுக்கள் மொய்த்தன. எலிகள் பிழைத்தன. 1930-ல் இது வெளிவந்தது. அந்தச் சத்து கிருமியைக் கொல்லவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டையை உரித்ததோடு அதன் வேலை சரி. சட்டை போனால் மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும். இந்தக் கிருமியின் பலமெல்லாம் அந்த ஒரு வழுவழுப்பில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இதற்குள் லண்டனில் இன்னொருவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். பிரெடெரிக் கிரிபித். சுகாதார மந்திரி இலாகாவில் ஓர் உத்தியோகஸ்தர். கூச்ச சுபாவம். சொற்ப சாதனங்களோடு ஒரு சிறு ஆய்வுக்கூடத்தில், நாட்டின் நானா பக்கங்களிலிருந்தும் வரும் சளியைப் பரிசோதித்து எந்த வகைக் கிருமி என்று குறித்து வைப்பது அவர் வேலை. அப்படிக் குறித்துக்கொண்டே வந்தவருக்கு ஒரு சந்தேகம். ஒரே நோயாளியின் சளியில் நாளாக ஆக வேறு வேறு வகைகள் தென்படுகின்றனவே, இத்தனை பேரும் வெளியிலிருந்தா வந்தார்கள், அல்லது உள்ளே இருந்தவனே சட்டை மாற்றிக்கொண்டானா?

அவர் செய்த சோதனை எந்தத் துப்பறியும் கதைக்கும் இளைத்ததல்ல. ஆய்வுக்கூடத்தில் வளர்க்க வளர்க்கச் சில கிருமிகள் சட்டையை இழந்துவிடுகின்றன. அவை சொரசொரப்பாக வளரும், சாது. எலிக்குச் செலுத்தினால் எலி அவற்றைத் தின்று தீர்த்துவிட்டு ஓடித் திரியும். இரண்டாம் வகையிலிருந்து அப்படிச் சட்டை இழந்த சாதுக் கிருமியை எடுத்துக்கொண்டார். மூன்றாம் வகைக் கொலைகாரக் கிருமியைச் சூடு காட்டிக் கொன்றார். செத்ததைத் தனியே செலுத்தினால் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. சாதுவைத் தனியே செலுத்தினாலும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் கலந்து செலுத்தினார். எலிகள் செத்தன. ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், உயிருள்ள கிருமிகள், மூன்றாம் வகைச் சட்டையோடு!

செத்தவன் எழுந்திருக்கவில்லை. செத்தவனுடைய சட்டையை உயிரோடிருந்தவன் எடுத்துப் போட்டுக்கொண்டான். அதுகூட முழுக்கச் சரியல்ல. சட்டையை மட்டும் எடுத்திருந்தால் அடுத்த தலைமுறை மறுபடியும் வெறும் உடம்போடு பிறந்திருக்கும். இவைகளோ பிள்ளை பேரன் என்று வழிவழியாக மூன்றாம் வகைச் சட்டையுடனேயே பிறந்தன. ஆகவே எடுத்துக்கொண்டது சட்டையை அல்ல, தையற்கலையை. 1928-ல் கிரிபித் இதை வெளியிட்டார். வெளியிட்டுவிட்டு மறுபடியும் தம் சளிப் புட்டிகளுக்குத் திரும்பிவிட்டார்.

ஏவரி முதலில் நம்பவில்லை. சட்டைத் துணிகள் நிரந்தரமானவை, ஒன்று மற்றொன்றாகாது என்பதன்மேல் பதினைந்து வருஷம் வீடு கட்டியவர் அவர். எங்கோ அசுத்தம் கலந்திருக்கும் என்று நினைத்தார். ஆனால் அவருடைய கூடத்திலேயே டாஸன் என்ற இளைஞர் செய்து பார்த்தார், பலித்தது. பிறகு எலியே வேண்டாம், கண்ணாடிக் குழாயிலேயே நடக்கிறது என்று தெரிந்தது. பிறகு அலோவே என்பவர் செத்த கிருமிகளை உடைத்து வடிகட்டி, வெறும் சாற்றை மட்டும் எடுத்தார். அந்தச் சாறு போதுமாக இருந்தது. அதில் சாராயத்தை ஊற்றினால் நூல் நூலாக ஏதோ ஒன்று திரண்டு வந்தது.

அந்த நூல் என்ன? இந்தக் கேள்வி ஏவரியைப் பிடித்துக்கொண்டது. நடுவில் தைராய்டு கோளாறு வந்து ஆபரேஷன் ஆயிற்று. மக்லவுட், மெக்கார்ட்டி என்ற இரண்டு இளைஞர்கள் துணைக்கு வந்தார்கள். குடம் குடமாகக் கிருமியை வளர்த்து, பாலில் வெண்ணெய் எடுக்கும் யந்திரம் போன்ற ஒன்றில் சுழற்றிப் பிரித்தார்கள். அந்த யந்திரத்தின் மூடி சரியாக இல்லாவிட்டால் கொலைகாரக் கிருமி அறை முழுவதும் தூறலாகப் பறக்கும். சாற்றிலிருந்து புரதத்தை எடுத்தார்கள், சக்தி போகவில்லை. சட்டைச் சர்க்கரையை எடுத்தார்கள், அப்போதும் போகவில்லை. மிச்சம் நின்றது, அதுவரை யாரும் பெரிதாக மதிக்காத டி.என்.ஏ. என்ற பொருள். அறுபது கோடியில் ஒரு பங்காகக் கரைத்தாலும் அது வேலை செய்தது. 1944 பிப்ரவரியில் கட்டுரை வெளிவந்தபோது ஏவரிக்கு அறுபத்தாறு வயது. ஜீன் என்று சொல்லப்படும் பரம்பரைச் சரக்கு டி.என்.ஏ.யால் ஆனது என்று இன்று பள்ளிப் பையனும் சொல்கிறான். அதற்கு முதல் அத்தாட்சி ஒரு கிருமியின் சட்டைதான். ஏவரிக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1955-ல் நாஷ்வில் நகரில், தம்பியின் வீட்டுக்கு அருகில் வசித்திருந்தபோது காலமானார்.

கிரிபித்துக்கு இவ்வளவுகூட இல்லை. 1941 ஏப்ரலில் லண்டன்மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு மாரி பொழிந்த ஓர் இரவில், உடன் வேலை செய்த ஸ்காட் என்ற நண்பரும் அவரும் இறந்துபோனார்கள். தாம் எதைக் கண்டுபிடித்தோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

இதைப் படித்த அன்று எனக்கு வேறொரு நினைப்பும் வந்தது. ஏவரி நியுமோனியாவைக் குணப்படுத்தத்தான் புறப்பட்டார். அந்தக் காரியத்தில் அவரை முந்திக்கொண்டது ஒரு மாத்திரை. 1938-ல் இங்கிலாந்தில் 'எம் அண்ட் பி 693' என்ற ஸல்பா மருந்து வந்தது. அதற்கு அளவெடுக்க வேண்டாம், எந்தச் சட்டை என்று கேட்க வேண்டாம். 1943 டிசம்பரில் ஆப்பிரிக்கக் கரையில் நியுமோனியாவில் படுத்த சர்ச்சிலுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். பிறகு பெனிசிலின் வந்தது. குதிரைகளை லாயத்திலிருந்து அவிழ்த்துவிட்டார்கள். 1936-க்கும் 1938-க்கும் நடுவில் இரண்டே வருஷம். இந்த வருஷக் கணக்கை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

பெனிசிலினோடு கதை முடிந்தது என்று உலகம் நினைத்தது. ராபர்ட் ஆஸ்டிரியன் என்ற அமெரிக்க டாக்டர் நினைக்கவில்லை. புரூக்ளின் ஆஸ்பத்திரியில் பெனிசிலின் கொடுத்தும் முதல் சில நாட்களிலேயே சாகிறவர்களை அவர் எண்ணிப் பார்த்தார். மருந்து கிருமியைக் கொல்வதற்குள் உடம்பு கெட்டுவிட்டிருக்கும். ஆகவே சட்டையை முன்கூட்டியே உடம்புக்குக் காட்டி வைப்பதுதான் வழி என்று, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடையே தடுப்பு மருந்தைச் சோதித்தார். அதே சுரங்கங்களில் 1911-ல் நம் ஆம்ரோத் ரைட்டும் முயன்று, சட்டை வகைகள் தெரியாத காரணத்தால் தெளிவான பலன் காணாமல் போனவர்தான். 1977-ல் பதினான்கு வகைச் சட்டை மாதிரிகள் அடங்கிய தடுப்பூசி வந்தது. பெரியவர்களுக்குச் சரி. இரண்டு வயதுக்குள்ளான குழந்தைகளின் உடம்பு வெறும் சர்க்கரையைப் பார்த்து எதுவும் கற்றுக்கொள்வதில்லை. அதற்கும் ஏவரியின் பழைய நோட்டுகளில் வழி இருந்தது. 1931-லேயே அவரும் கோபெலும் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்து முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அந்தப் பிணைப்பு முறையில் குழந்தைகளுக்கான ஊசி 2000-ல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகைச் சட்டைகள் அதில்.

பிறகு நடந்தது கிரிபித்தின் எலிக்குள் நடந்ததேதான். ஏழு வகைகளும் ஊரைவிட்டு ஏறக்குறைய ஒழிந்தன. ஊசியில் இல்லாத 19-ஏ என்ற சட்டை பெருக ஆரம்பித்தது. அவற்றில் சில யார் என்று ஜீனைப் பார்த்தால், பழைய நாலாம் வகைக் குடும்பத்தின் பிள்ளைகளே, சட்டையை மாற்றிக்கொண்டு நிற்கின்றன! மூக்கினுள் அக்கம்பக்கம் குடியிருக்கும்போது செத்த உறவினனின் டி.என்.ஏ.யை எடுத்து விழுங்கிவிடுவது இவைகளின் பிறவிக் குணம். சில சமயம் உறவினனைக் கொன்றே எடுத்துக்கொள்கின்றன. மேலும், மூக்கில் இருக்கும்போது சட்டை மெல்லியதாக இருக்கும், சுவரில் ஒட்டிக்கொள்ள அதுதான் சௌகரியம். ரத்தத்தில் இறங்கியதும் தடித்த சட்டைக்காரர்கள்தான் மிஞ்சுகிறார்கள். 2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 22 தேசங்களிலிருந்து சேர்த்த 240 கிருமிகளை, எல்லாம் ஒரே வம்சம், ஜீன் ஜீனாகப் படித்துப் பார்த்தார்கள். கால் நூற்றாண்டுக்குள் அந்த ஒரே வம்சம் பல தடவை சட்டை மாற்றியிருந்தது. ஊசி தயாரிக்கிறவர்களும் ஏழைப் பதின்மூன்றாக்கி, அதற்கும் மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள். நாவலில் ஒரு பாத்திரத்தை இப்படி விட்டால் பத்திரிகாசிரியர் தொடரை எப்போது முடிப்பீர்கள் என்று கடிதம் எழுதுவார்.

நம் தேசத்தில் இந்த ஊசியை அரசாங்கம் 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-ல் எங்கும் போட ஏற்பாடு செய்தது. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தடவை. அந்த வருஷம் பிறந்த என் பேத்தியைப் பதினாலாவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். நர்ஸ் அம்மாள் தொடையில் குத்தியதும் வீல் என்று ஒரு கத்தல். அட்டையில் தேதி போட்டுக் கொடுத்தார்கள்.

அன்று இரவு குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும், சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மருமகள் நிம்மதியாகத் தூங்கினாள். நான் மட்டும் தொட்டிலண்டை உட்கார்ந்திருந்தேன். ஒரு விரல் தானாக மடங்கியிருந்ததை விடியற்காலையில்தான் கவனித்தேன். குழந்தையின் நெற்றி அப்போது குளிர்ந்திருந்தது. இருந்தாலும் நான் உடனே விரலைப் பிரித்துவிடவில்லை.